புகார் மூடப்பட்டது

"புகார் கொடுத்துக் கொடுத்து என் விரல்தான் தேஞ்சு போச்சு. இனிமே கொடுக்கறதா இல்ல. நீ அடுத்த வீட்டுக்குப் போம்மா."

ஜோசப்ராஜ் கதவைச் சாத்தப் போனார். பாமா நகரவில்லை. மராத்தி ஊரான கராடியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போன மாதம்தான் குடிவந்தவள். அதற்குள் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க புதுசா கொடுக்க வேண்டாம் அங்கிள். மூணாவது மாடி நஸ்ரின் கொடுத்தாச்சு. மாநகராட்சியோட 'பாதசாரி' ஆப்ல அதைத் திறந்து, எனக்கும் இதே பிரச்சனைன்னு ஒரு ஓட்டு போட்டாப் போதும். ஐம்பது ஓட்டு சேர்ந்தா அது தானாவே மெயின் ஆபீஸுக்குப் போயிடும். கீழ இருக்கறவங்க யாரும் மூட முடியாது."

"இதெல்லாம் யாரு சொன்னா உனக்கு?"

"ஆப்லயே போட்டிருக்கு. யாரும் கடைசி வரைக்கும் படிக்கறதில்ல."

"அப்ப இதைப் படி முதல்ல."

தன் ஃபோனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் கொடுத்திருந்த இரண்டு புகாருக்கும் ஒரே பதில்தான் வந்திருந்தது. 'புகார் மூடப்பட்டது. குறிப்பிட்ட இடத்தில் பாதசாரிகள் நடமாட்டம் இல்லை.'

"நடமாட்டம் இல்லையாம். அப்ப தினம் காலைல அந்த ரோட்டைத் தாண்டுறது யாரு, பேயா? போன மழையில என் மேவிஸை ஒரு பைக்காரன் இடிச்சுத் தள்ளினானே, அவளும் பேயா?"

"ஏன் இப்படிக் கத்துறீங்க? பேய் உள்ளதான் பேப்பர் திருத்திட்டு இருக்கு," என்றது மேவிஸின் குரல்.

அவர் மனைவி மேவிஸ் பள்ளி ஆசிரியை. கணுக்காலில் இன்னும் பிளேட் இருக்கிறது. பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம். சிக்னல் கிடையாது, வெள்ளைக் கோடு கிடையாது. தினமும் காலையில் ஜோசப்ராஜ் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி வண்டிகளை நிறுத்தப் பார்ப்பார். எவனும் நிற்க மாட்டான். ஹாரன் மட்டும் தாராளமாக அடிப்பான்கள்.

"இதை மூடின இன்ஜினியர் மட்டும் என் கையில கிடைக்கட்டும். ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிட்டு ஒரே அமுக்குல மூடிட்டான். ஒரு நாளாவது அந்த ரோட்டைத் தாண்டிப் பார்த்திருப்பானா?"

"அதானே அங்கிள். சம்பளம் வாங்கறாங்களே, வெட்கமா இருக்காது?" என்றாள் பாமா.

அவள் இப்படி ஒத்துப் பாடியதில் அவருக்குக் கொஞ்சம் கோபம் இறங்கியது.

"சரி, நீ போட்டாச்சா உன் ஓட்டு?"

"என் நம்பர்ல போட முடியாது அங்கிள்."

"பாத்தியா? ஆப்பும் பக்வாஸ், வெறும் பேத்தல்."

"அங்கிள், திங்கக்கிழமை புது ரோடு போட ஆரம்பிக்கறாங்க. அதோட சேர்த்து குறுக்க மேடா ஒரு கிராஸிங் போட்டாத்தான் உண்டு. புது ரோட்டை அப்புறம் சில வருஷத்துக்கு யாரையும் தொட விட மாட்டாங்க. அதுவரைக்கும் ஆன்ட்டி இப்படியேதான் தாண்டணும்."

ஜோசப்ராஜ் கண்ணாடியைத் தேடி எடுத்து ஓட்டுப் போட்டார்.

ஆரம்பித்துவிட்டால் அவர் விடுகிற ஆள் இல்லை. அன்று மாலை லிஃப்ட்டில் மாட்டியவர்களை எல்லாம் ஓட்டுப் போட்ட பிறகுதான் இறங்க விட்டார். சாப்பாட்டு நேரத்துக்குள் ஐம்பது தாண்டிவிட்டது.

மறுநாள் காலை கேட் அருகே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்த பாமாவிடம், "ஓட்டு மட்டும் பத்தாது. இன்னைக்கு நேர்லயே போய் அந்த இன்ஜினியரை நாலு கேள்வி கேக்கப் போறேன்," என்றார்.

அவள் முகம் மாறிவிட்டது. "வேண்டாம் அங்கிள். அதான் ஓட்டு வந்தாச்சே. அங்க மட்டும் போகாதீங்க, ப்ளீஸ்."

"பயப்படுறவங்க வீட்ல இருங்க. நான் போறேன்."

போனார். மாநகராட்சி ஆபீஸில், இன்ஜினியர் உள்ளே மேலதிகாரியான பெரிய சாஹேபிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பதாகவும், காத்திருக்கும்படியும் பியூன் சொன்னார். ஜோசப்ராஜுக்குப் பரம திருப்தி. வாகாக உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். பாதி திறந்த கதவு வழியாக சாஹேபின் மராத்தி கணீரென்று வந்தது.

"மூணு தடவை கிராஸிங் வேணும்னு நோட் எழுதினீங்க. மூணு தடவையும் திருப்பி அனுப்பினேன். புகாரை மூடச் சொன்னேன், மூடினீங்க. அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சா, இப்ப எங்கேயிருந்து வந்துது இத்தனை ஓட்டு? இனிமே கிராஸிங்கைப் போட்டே ஆகணும். உள்ளே இருக்கற யாரோதான் அந்த ஜனங்களைக் கிளப்பி விட்டிருக்காங்க. யாருன்னு தெரியட்டும், அன்னைக்கே சஸ்பெண்ட்."

கதவை முழுசாகத் திறந்துகொண்டு வெளியே வந்த சாஹேப், ஜோசப்ராஜைப் பார்த்து நின்றார்.

"யாரு நீங்க? அந்த அடுக்குமாடி சொசைட்டி ஆளா? நல்லதாப் போச்சு. சொல்லுங்க, யாரு உங்களைத் தூண்டி விட்டது?"

ஜோசப்ராஜ் வாயைத் திறந்தார். சாஹேபுக்குப் பின்னால், ஃபைலை மார்போடு அணைத்தபடி, இன்ஜினியர் பாமா தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"தூண்டி வேற விடணுமா?" ஜோசப்ராஜ் அவளை நோக்கி விரலை நீட்டி, ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி மராத்தியில் கத்தினார். "வந்த புகாரை எல்லாம் மூடுற இந்த மேடம் ஒருத்தர் போதாதா எங்களைக் கிளப்ப? இவங்க முகத்தை நான் பாக்குறதே இன்னைக்குத்தான் சாஹேப்."