இன்னும் ஒரு அடி

சுத்தியல் விழ விழ, திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த லிஃப்ட்காரர் பேச்சை நிறுத்தவே இல்லை.

"டாக்டரே, சுவத்துல ஆணி அடிக்கிற மாதிரியே இருக்கு. காலண்டர் எதையும் மாட்டிடாதீங்க!"

முதுகில் போட்ட ஊசி இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போக வைத்திருந்தது. வாயை ஒன்றும் செய்யவில்லை.

மயக்க மருந்து டாக்டர் சிரித்தார். புது நர்ஸும் சிரித்தாள். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. தியேட்டருக்குள் அவர் எதற்கும் சிரிக்கமாட்டார் என்று பெயர்.

தொடை எலும்பின் குழிக்குள் புது இடுப்பு மூட்டின் உலோகத் தண்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஒட்டவைக்கச் சிமென்ட் கிடையாது. எலும்புதான் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பிடி போதாவிட்டால் கால் ஊன்றும்போதெல்லாம் தண்டு ஆடும். ஒரு அடி கூடிப்போனால் எலும்பு பிளக்கும்.

எங்கே நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியாது. தண்டு இறுகியதும் அடியின் சத்தம் மாறும். அதோடு நிறுத்த வேண்டும். இதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவரே பெரிய டாக்டர்தான்.

லிஃப்ட்காரரின் மனைவி எழுந்திருக்க முடியாமல் படுக்கையில் கிடப்பவள். தூக்கி உட்காரவைக்க அவரை விட்டால் நாதியில்லை. காலையில் நர்ஸிடம் அதைச் சொல்லும்போது மட்டும் அவர் வேடிக்கை பேசவில்லை.

இந்த மேசையில் புது நர்ஸுக்கு இன்றுதான் முதல் நாள். நேற்று வரை அந்த இடத்தில் நின்ற பெரிய சிஸ்டர் ஓய்வுபெற்றுப் போய்விட்டாள். அவளைப் பற்றி ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பேச்சு. டாக்டர் அடித்துக்கொண்டிருக்கும்போதே சுத்தியலைக் கொடு என்று கையை நீட்டுவாளாம். என்ன திமிர்! அவரும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவாராம்.

இவள் மரியாதை தெரிந்தவள். கைகளை நெஞ்சோடு கோத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தொப். தொப்.

கணீர்.

நிறுத்துவார் என்று நினைத்தாள்.

கணீர்.

"சார், போதும் சார்," என்றார் உதவி டாக்டர், மாஸ்க்குக்குள்ளிருந்து. பெரிய டாக்டர் திரும்பவில்லை.

அடுத்த அடியில் காய்ந்த விறகு பிளந்ததுபோல் ஒரு சத்தம்.

மற்ற எல்லோரும் திடுக்கிட்டார்கள். லிஃப்ட்காரரின் பேச்சும் நின்றுபோயிற்று.

பெரிய டாக்டர் நிமிர்ந்து அவள் கைகளைப் பார்த்தார். அவை கோத்தபடியே இருந்தன.

சுத்தியலை மறுபடியும் ஓங்கினார்.