ஆறாம் கட்டிலின் ஈரம்

1964 ஆடி மாதம். குழந்தை பெற்ற பத்தாம் நாள் மெஹர் பானுவுக்கு நெஞ்சு வலித்தது.

"இதயக் குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கும்னுதான் தோணுது. அசையாமக் கெடந்தா தானா ஒட்டிக்கிடும்," என்றார் தென்காசி ஆஸ்பத்திரி டாக்டர்.

ஒரு மாதம் அவள் ஆறாம் கட்டிலைவிட்டு எழவே இல்லை. விடியற்காலையில் இசிஜி எடுக்கப் போகும் நர்ஸ் ஞானப்பூ, முதலில் அவள் தலையைத் துவட்டுவாள். தலையணை காய்ந்திருக்கும். கூந்தல் மட்டும், குற்றால அருவியில் நின்று வந்ததுபோல் சொட்டும். இதயத் துடிப்பின் கோடுகளோ நாளுக்கு நாள் சீராகிவந்தன.

மெஹர் பானு குணமாகி வீட்டுக்குப் போனாள். அன்றே நெஞ்சுவலியோடு வந்த சுடலைமுத்து அண்ணாச்சியை அதே கட்டிலில் படுக்கவைத்தார்கள். விடிந்ததும் ஞானப்பூ துண்டோடு ஓடினாள். அண்ணாச்சியின் வழுக்கைத் தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மெஷினை மாட்டும் முன்பே கத்தினாள்:

"டாக்டரய்யா, இவரும் பொழைச்சிக்கிடுவாரு!"