நான்காவது வரிசை, ஏழாவது கட்டம்

அண்ணி டீ போட உள்ளே போன மறுநொடியே மெக்கானிக் அந்த டிராயரை இழுத்தான்.

கறுப்பு ஸ்பாஞ்சில் கால் புதைத்து, வரிசை வரிசையாகப் பழைய கம்ப்யூட்டர் மெமரி சிப்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்ன அட்டை. சிப்பின் எண், வருடம், கொடுத்தவர் பெயர்.

எல்லாம் அண்ணன் எழுதியது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக எழுதுவார்.

கூடப் பிறந்த அண்ணன் இல்லை. சிப் சேர்க்கும் பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேரில் மூத்தவர். கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் மியூசியம். வீட்டுக்கு வந்தவர் உட்கார ஒழுங்காக ஒரு நாற்காலி கிடையாது, சிப்புக்கு மட்டும் நாலு பீரோ. அவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது.

நாளைக்கு ஒரு வியாபாரி வந்து மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போகப் போகிறான். அண்ணிக்கு இதிலெல்லாம் ஆனா ஆவன்னா தெரியாது. அதனால்தான் மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"யாரும் ஏமாத்திடக் கூடாது தம்பி. நீங்க ஒரு தடவ பாத்துடுங்க."

ஏமாற்றியவனையே கூப்பிட்டுக் காவலுக்கு வைத்திருந்தார், பாவம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. கம்பெனி சோதனைக்காகக் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டுத் தயாரிப்பையே நிறுத்திய ஒரு சிப். சேர்ப்பவர்கள் அத்தனை பேரும் அதற்காக அலைந்தார்கள். ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக்குக்கு எங்கிருந்தோ அது அதிர்ஷ்டமாகக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து பஞ்சில், வர்ணத்தைக் கரைக்கும் அசிட்டோனைத் தொட்டு ஒரு மூலையைத் துடைத்தான். அசல் என்றால் பஞ்சு வெள்ளையாகவே இருக்கும். இவன் பஞ்சில் கரி மாதிரி கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. எவனோ ஒரு படுபாவி சாதாரணச் சிப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு வர்ணம் பூசி, மேலே அபூர்வ எண்ணை அச்சடித்திருந்தான்.

மனசு விட்டே போயிற்று. அதோடு விட்டிருந்தால் அவன் நல்லவன். வெளுத்த மூலையை மார்க்கரால் தீட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணனின் தலையில் கட்டினான். பதிலுக்குத் தங்க முலாம் பூசிய இரண்டு பீங்கான் சிப்களை வாங்கிக்கொண்டான். இரண்டும் அசல்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரியிடம் வாங்கினால் எதிரிலேயே துடைத்துப் பார்க்கலாம். கூட்டாளி கொடுத்ததை அவன் முன்னால் துடைக்கக் கூடாது. துடைத்தால் முகத்தில் துப்பியதற்குச் சமம்.

அந்த மரியாதையை நம்பித்தான் மெக்கானிக் அவ்வளவு தைரியமாகக் கையை நீட்டினான்.

அண்ணன் துடைக்கவில்லை. பச்சைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் இந்த டிராயரைத்தான் திறப்பார். தம்பி கொடுத்தது என்று பெருமையடிப்பார். கூட இருக்கும் தம்பி குன்றிப்போய்ச் சுவரைப் பார்ப்பான்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். நர்ஸ் வந்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போதும் அவனுக்கு அவன் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வியாபாரிக்கு மரியாதை எல்லாம் கிடையாது. நாளைக்கு ஒவ்வொன்றையும் துடைப்பான். ஏழாவது கட்டத்தில் பஞ்சு கறுக்கும், அட்டையில் கொடுத்தவர் பெயர் இருக்கும். கூட்டாளிகள் காறித் துப்புவது இருக்கட்டும். அண்ணிக்குத் தெரிந்துவிடும்.

சிப்பையும் அட்டையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட வேண்டியதுதான். நாலு பீரோவில் ஒன்று குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள்?

நான்காவது வரிசை, ஏழாவது கட்டம். பிடுங்கி எடுத்தான். விரல் வேர்த்து வழுக்கியது.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மார்க்கர் தீட்டிய மூலையைக் காணோம்.

மற்ற மூலைகளையும் பார்த்தான். எதிலும் இல்லை.

கொண்டுவந்த தோள்பையிலிருந்து பஞ்சையும் அசிட்டோனையும் எடுத்துத் துடைத்தான். பஞ்சு வெள்ளையாக இருந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தான். வெள்ளைதான்.

அசல்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். டீயோடு வந்த அண்ணி அவன் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"அதுவா? பத்து வருஷம் இருக்கும். உசுரா வெச்சிருந்த அந்த மொத கம்ப்யூட்டர வித்துட்டு இத வாங்கிட்டு வந்தாரு. இங்க இருந்த பழைய சிப்பக் கழட்டிப் போட்டுட்டு அந்த எடத்துல இத வெச்சாரு. ஆனா யாரு கேட்டாலும் நீங்க குடுத்ததுன்னுதான் சொல்வாரு. ஏன் தம்பி அப்படி?"

தெரியவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். அந்தப் பொய்யும் அவனுக்குச் சுலபமாகத்தான் வந்தது.

சிப்பை அதன் கட்டத்திலேயே அழுத்தி வைத்தான். அட்டையைத் தொடவில்லை.

நாளைக்கு வியாபாரி வந்து துடைத்துப் பார்ப்பான். சுத்தமான சரக்கு என்பான். அட்டையைப் படித்துவிட்டு, இந்த மெக்கானிக் தம்பி நம்பிக்கையான ஆள் போல என்று அண்ணியிடம் சொல்வான். அண்ணியும் ஆமாம் என்பார்.