கட்டிலைக் குளிப்பாட்டியவள்

எபோலா வார்டின் வேலிக்கு வெளியே நின்று ஜெனேபா அழுதுகொண்டிருந்தாள். இறந்த அம்மாவை அவள் கையால் குளிப்பாட்ட விடாமல், பையில் கட்டிப் புதைத்துவிட்டார்கள்.

"குளிக்காமப் போன எங்கம்மாவ, முன்னாடி போன பெரியவங்க சேத்துப்பாங்களா? அவ படுத்த கட்டிலையாவது கழுவிக்கிறேன், அண்ணே."

குளோரின் தெளிக்கும் லஹாய் பின்பக்கம் போய், ஓர் இரும்புக் கட்டிலை இழுத்து வந்து அவள் முன்னால் போட்டு, ஒரு வாளி தண்ணீரும் வைத்தார்.

ஜெனேபா வலப்பக்கம் தொடங்கி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மூன்று முறை கழுவினாள். பிறகு குனிந்து, அந்த ஈரக் கம்பியில் கன்னத்தை வைத்து முத்தமிட்டாள்.

அதைப் பார்த்துவிட்ட நர்ஸ் ஃபின்டா ஓடி வந்தாள். அவளை லஹாய் கைகாட்டித் தடுத்தார்.

"உங்களுக்கென்ன கிறுக்கா, அண்ணே? கட்டில் பூரா கிருமி! அவளும் சாகணுமா?"

ஜெனேபா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போகும்வரை காத்திருந்து லஹாய் சொன்னார்.

"அவ அம்மா கட்டில் வார்டுக்குள்ளதான் கிடக்கு. இது காலைல லாரியில வந்தது. இன்னும் யாருமே படுக்கல."

ஃபின்டா அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன வாரம் அவள் தம்பியும் பையில்தான் போனான்.

"அண்ணே, எனக்கும் ஒரு வாளி தண்ணி தர்றீங்களா?"