குடுவைக்கு வயது இருபது

மாப்பிள்ளைக்கு ஐம்பத்தாறு வயது என்பதைப் பெண்வீட்டில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. வேலப்பன் இருபது வயதில் உறையவைத்த விந்து, நைட்ரஜன் குடுவையில் அப்படியே இளமையாக இருந்தது. இக்காலத்து வழக்கப்படி அந்தக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டுதான் பெண் பார்க்கப் போனார். எல்லோரும் முதலில் குடுவையைத்தான் நலம் விசாரித்தார்கள்.

"இருபதுதானா? பொடிப்பயல்!" என்று பெண்ணின் அண்ணன் குடுவையைத் தட்டிக்கொடுத்தார்.

ஐம்பதைத் தொடப்போகும் கோமளா மட்டும் குடுவையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் பேத்தியைக் கொண்டுவந்து வேலப்பன் கையில் கொடுத்தாள்.

"பிள்ளையைத் தூக்கப்போறது குடுவை இல்லையே. இவளோட கீழ உட்கார்ந்து, கையை ஊன்றாம எழுந்திருங்க, பார்க்கலாம்."

வேலப்பன் உட்கார்ந்துவிட்டார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எழுந்திருக்கத்தான் முழங்கால் சம்மதிக்கவில்லை. கூடமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வரனும் போச்சு என்று அவர் நினைத்த நேரத்தில், குழந்தை ஒரு கொட்டாவி விட்டுக் கண்ணை மூடியது.

"ஷ்ஷ்... இப்பதான் தூங்குறா. அசைஞ்சா முழிச்சுக்குவா," என்றார் பரம சாதுவாக.

குழந்தை உடனே கண்ணைத் திறந்து சிரித்தது.

"பொய்யும் இருபது வயசுப் பொய்யாத்தான் இருக்கு," என்றாள் கோமளா. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நாங்க பேசி முடிச்சதும் கூப்பிடுறோம். ரெண்டு பேரையும் தூக்கிவிட ஆள் வேணும்."