கட்டிக் கிடந்த படகு

“இந்த மீட்டர் பொய் சொல்லாது, மாப்பிள்ளை. நேத்து சாயங்காலம் படகைக் கட்டினப்போ பார்த்து வச்சேன். காலையில வந்து பார்த்தா கால் மணி அதிகமா ஓடியிருக்கு. யார் ஓட்டினது?”

மச்சானின் குரல் படகுத்துறை முழுவதும் கேட்டது. இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் அந்தச் சிறிய மீட்டரின் மேல் அவருடைய விரல் அழுந்தியிருந்தது.

படகு இருவருக்கும் பொது. ஒரு வாரம் மச்சான் கடலுக்குப் போவார். மறுவாரம் அவருடைய தங்கையின் கணவர். இது மச்சானுடைய வாரம்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

“நான்தான் ஓட்டினேன், மச்சான்.”

“கேட்டீங்களா? அவர் வாயாலேயே சொல்லிட்டார்!” என்று, வழக்கமான சர்வீசுக்காக வந்து இன்ஜின் அறைக்குள் குனிந்திருந்த மெக்கானிக்கைச் சாட்சிக்கு இழுத்தார் மச்சான்.

“என்னை விட்டுடுங்க அண்ணே. இன்ஜின் பேசினா மட்டும்தான் எனக்குக் காது கேக்கும்,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

“நேத்து மட்டுமா? இந்த வாரம் முழுக்கப் பார்க்கறேன். தினமும் கால் மணி! வெளியே நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுக்குக் காசு வாங்கிட்டு ஆளை ஏத்திட்டுப் போய் விட்டுட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? அதே கால் மணி!”

“கட்டின இடத்தை விட்டுப் படகு நகரலை, மச்சான்.”

“பின்னே, தூக்கம் வரலைன்னு இன்ஜின் தானா எழுந்து உக்காந்துச்சா?”

சாப்பாடு கொண்டுவந்த தங்கை, பாத்திரத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

“அந்தப் பக்கம் வாங்க, மச்சான். தனியா சொல்றேன்.”

“தனியா என்ன ரகசியம்? திருடறப்போ வராத வெட்கம் இப்ப வந்துடுச்சா? எதுக்கு ஓட்டினே? இங்கேயே, எல்லார் முன்னாலயும் சொல்லு!”

கல்யாணம் ஆன நாள் முதல் மாப்பிள்ளையை அண்ணன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

“சொல்லுங்களேன். எதுக்காக ஓட்டினீங்க?” என்றாள் கணவனிடம்.

மாப்பிள்ளை மெக்கானிக்கின் முதுகைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“போதும். இன்னியோட கூட்டு முடிஞ்சுது. உன் சாவியைக் குடு.”

“அண்ணா, இந்தப் படகை விட்டா எங்களுக்கு வேற என்ன இருக்கு?”

“அதை உன் வீட்டுக்காரர் யோசிச்சிருக்கணும்.”

மாப்பிள்ளை தம்முடைய சாவியை எடுத்து மச்சானின் உள்ளங்கையில் வைத்தார். துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் முகம் கறுத்துவிட்டது.

அப்போதுதான் மெக்கானிக் தலையை வெளியே நீட்டினார்.

“அண்ணே, சண்டையை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு இங்க வந்து பாருங்க. இன்ஜின் சூட்டைத் தணிக்கக் கடல்தண்ணி ஓடற கூலரைப் பிரிச்சா உள்ள ஒரு பொட்டு உப்பு இல்ல! இரும்புக்குப் பதிலா அரிச்சுப் போகட்டும்னு வைக்கிற ஜிங்க் துண்டுகூட முக்கால்வாசி அப்படியே இருக்கு. மத்தவங்க படகைப் பிரிச்சா, ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுக்கச் சமைக்க உப்பு எடுக்கலாம்.”

மச்சானின் முகம் மலர்ந்தது.

“பின்னே? நீங்க சொன்னபடி, கடல்லேர்ந்து வந்ததும் நல்ல தண்ணி விட்டு இன்ஜினை அலசாம நான் வீட்டுக்குப் போறதே இல்ல. அதுல நான் ரொம்பக் கண்டிப்பு.”

“அதான் பார்த்தாலே தெரியுதே! எல்லார்கிட்டயும் தலைப்பாடா அடிச்சுக்கறேன். படகைக் கட்டிப்போட்டு, கடல்தண்ணி வர்ற வழியை மூடிட்டு, நல்ல தண்ணியை விட்டுக் கால் மணி இன்ஜினை ஓட்டுங்கப்பான்னு. யார் கேக்கறா? கரைக்கு வந்தா வீட்டுக்குப் போய்ப் படுத்தா போதும்னு ஓடறாங்க.”

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது.

தங்கை அண்ணனைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்த்தாள். மாப்பிள்ளை அவசரம் அவசரமாகக் கயிற்று முடிச்சை இறுக்கத் தொடங்கினார். முன்பே இறுக்கமாக இருந்த முடிச்சு அது.

மெக்கானிக் இவை எதையும் கவனிக்கவில்லை.

“கூலரைத் திரும்ப மாட்டிட்டு, ஒரு தடவை அலசிப் பார்த்துடலாம். அந்தத் தண்ணி ஹோஸைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க அண்ணே.”

மச்சான் பலகைக்கு அடியில் பார்த்தார். வலைக் கூடைக்குப் பின்னால் பார்த்தார். முன்பக்கப் பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“என்ன அண்ணே தேடறீங்க? தினமும் எடுக்கற சாமான்தானே?”

துறை மொத்தமும் தம்மையே பார்ப்பது நிமிர்ந்து பார்க்காமலேயே மச்சானுக்குத் தெரிந்தது.

“ஹோஸ் எங்க வீட்டுல இருக்கு!” மாப்பிள்ளை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். “நேத்து அலசி முடிச்சதும், காயப் போடச் சொல்லி மச்சான்தான் என்கிட்ட குடுத்தார். இருங்க, கொண்டாறேன்.”

சொல்லிவிட்டுப் படகிலிருந்து இறங்கப் போனவரின் கையை மச்சான் பிடித்துக்கொண்டார்.

“இவர் சொல்றதை நம்பாதீங்க. பொய்,” என்றார், துறையைப் பார்த்து, உடைந்த குரலில். “அந்த ஹோஸ் என்ன நிறம்னுகூட எனக்குத் தெரியாது.”