சின்னத்தில் ஒரு படகு

நகராட்சி வாசல் வளைவில் ஊர்ச் சின்னத்துக்குப் புது வண்ணம் பூசிக்கொண்டிருந்தார் பெயின்டர் இஞ்ஞாசி. கலங்கரை விளக்கம் என்றால் காவல், மீன் என்றால் வளம், கடலைப் பார்த்த படகு என்றால் துணிவு என்று அலுவலகத்தில் தாளே கொடுத்திருந்தார்கள். ஏணியடியில் பிரகாசி வந்து நின்றாள். அவள் புருஷன் போன படகு ஆறு நாளாகியும் கரை திரும்பவில்லை.

"அண்ணே, அந்தப் படகக் கொஞ்சம் கரையப் பாக்கத் திருப்பி வைங்களேன்."

இஞ்ஞாசி தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார். மதியத்துக்குள் படகின் முகம் கரைக்குத் திரும்பிவிட்டது. பிரகாசி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"வெறும் படகால்லா வருது?"

இஞ்ஞாசி ஏணியிலிருந்து குனிந்து அவளைப் பார்த்தார்.

"எத்தன பேரும்மா போனாங்க?"

"நாலு பேரு."

இருப்பதிலேயே மெல்லிய பிரஷை எடுத்து அவர் கறுப்பில் தோய்த்தார்.